கொத்மலைப் புல்

விளங்காத ஒன்றுக்கு "யெஸ் சார்" சொல்வதில் என்னை மிஞ்ச அந்தக் காலத்தில் நோர்வூட் பக்கம் ஆளில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பொய் சொல்வதற்காவது கொஞ்சம் யோசிக்க வேண்டும். இதற்கு அதுவும் தேவையில்லை. எதிரில் இருப்பவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி மூச்சு விடும் இடம் பார்த்து வாயைத் திறந்தால் போதும், தானாக வந்துவிடும். நான் செய்த பிழைகளை வரிசையாக நிறுத்தினால் பாதிக்கு மேல் அந்த இரண்டு சொல்லில்தான் தொடங்கியிருக்கும். மற்றவற்றுக்கெல்லாம் நானே பட்டு அனுபவித்துவிட்டேன். இந்த ஒன்றுக்கு மட்டும் இன்னொருவர் அனுபவித்தார்.

எழுபதுகள் முடிகிற நேரம். அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டு சில வருஷங்கள் ஆகியிருந்தன. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் என்னைச் சின்னக் கண்டாக்காக எடுத்தார்கள். மலையில் ஆட்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்க்கிற உத்தியோகம். எனக்கு வயது இருபத்தொன்று. அப்பா வட்டவளையில் பள்ளிக்கூட வாத்தியார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வளர்ந்த நான் தேயிலையைக் கோப்பையில்தான் நன்றாக அறிவேன். ஆனால் ஆங்கிலத்தில் கிரெடிட் எடுத்திருந்தேன். அதோடு காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட மேஸ் என்கிற காலுறை, கையில் பிரம்பு, சட்டைப் பையில் குறிப்புப் புத்தகம். (கண்ணாடியில் பார்த்து நானே எனக்கு சலாம் போட்டுக்கொண்ட நாட்களும் உண்டு.)

எங்கள் பத்தாம் நம்பர் மலையில் பாதி இருக்காது. ரோட்டு வேலைக்கு வந்த கொந்தராத்துக்காரர்கள் மேல்மண்ணை வழித்துக் கீழே தள்ளிவிட்டு, வெடி வைத்துக் கல் எடுத்தார்கள். கல் தீர்ந்ததும் சரளை எடுத்தார்கள். அதுவும் தீர்ந்ததும் போய்விட்டார்கள். மிச்சம் நின்றது ஒரு புல் பூண்டு இல்லாத சிவப்புச் சரிவு. மழை பிடித்தால் அங்கிருந்து சேறு இறங்கி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசல் வரைக்கும் வரும். லயத்துப் பெண்கள் விளக்குமாறு வைத்திருப்பது வீடு கூட்டவா, மலையைக் கூட்டவா என்று தெரியாது.

அந்தச் சரிவுக்கும் லயத்துக்கும் நடுவில், கொந்தராத்துக்காரர்கள் தள்ளிவிட்ட மேல்மண் குவிந்து கிடந்த இடத்தில், அந்தோணியம்மா ஒரு தோட்டம் போட்டிருந்தார். கொழுந்து எடுக்கிற பெண். அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் சுருண்டு விழுந்த அந்த வருஷங்களில் அவர் இந்த மண்ணைக் கல் பொறுக்கி, கூடையில் சுமந்து, படிப்படியாகக் கட்டி, வத்தாளங்கிழங்கு நட்டார். அவர் பிள்ளைகள் மூன்றும் பிழைத்தது அந்தக் கிழங்கில்தான். நான் வந்தபோது அது நாலு படித் தோட்டம். லீக்ஸ், கோவா, பீன்ஸ், உருளைக்கிழங்கு. அவருடைய கணவர் சந்தியாகுவுக்கு இந்தியாவுக்குப் போய்விட வேண்டும் என்று ஆசை. அண்ணன்காரர் ஏற்கெனவே போய்விட்டார், இவர்களுக்கும் பாஸ்போட் வந்திருந்தது. அந்தோணியம்மாதான் அசையவில்லை.

"இந்த மண்ண நான் தலையில சுமந்து போட்டிருக்கேன். இத விட்டுட்டு எங்க வரச் சொல்றீங்க?" என்பாராம். அந்த வாக்குவாதம் தோட்டம் முழுக்கத் தெரிந்தது. தோட்டத்து ஆபீஸான கந்தோரில் நாங்கள்கூட யார் ஜெயிப்பார் என்று பேசிக்கொள்வோம். அது வரைக்கும் அந்தோணியம்மா கை ஓங்கித்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் டெலிபோன் வந்தது.

தோட்டத்தை நடத்தும் துரை ஒரு மாதத்துக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். பெரிய கண்டாக்கையா மகள் கல்யாணத்துக்கு லீவு. கந்தோரில் கால்சட்டை போட்ட ஆள் என்று நான் ஒருவன்தான். அந்தக் காலத்து டெலிபோனில் கடுகு தாளிக்கிற சத்தத்துக்கு நடுவில்தான் மனிதக் குரல் வரும். துரை ஆங்கிலத்தில் பேசினார். பத்தாம் நம்பர் என்றது கேட்டது. குவாரி என்றது கேட்டது. மழைக்கு முன்னால் புல் நட வேண்டும் என்றது பாதி கேட்டது. பிறகு தாளிப்புச் சத்தம். அதற்குப் பிறகு லாரி, தலவாக்கலை. நடுவில் ஒரு சொல், "...த்மாலா."

"யெஸ் சார்" என்றேன்.

"உனக்கு அந்தப் புல் தெரியுமா?" என்று கேட்டார்.

"யெஸ் சார்."

அவர் சொன்னது குவாத்தமாலா புல். தலவாக்கலைக்குப் பக்கத்து ஆராய்ச்சிப் பாத்திகளில் வளர்க்கிறார்கள், லாரியில் போய் நாற்றுத்தண்டு ஏற்றிக்கொண்டு வா என்றிருக்கிறார். உலகத்தில் குவாத்தமாலா என்று ஒரு நாடு இருப்பதோ, அதன் பெயரில் ஒரு புல் இருப்பதோ ஆங்கிலத்தில் கிரெடிட் எடுத்த எனக்குத் தெரியாது. கொத்மலை தெரியும். தலவாக்கலையைத் தாண்டி, பூண்டுலோயா வழியாகக் கீழே இறங்கினால் கொத்மலை. ஆக, துரை கேட்பது கொத்மலைப் புல். எல்லாம் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்.

தோட்டத்து லாரி டிரைவர் கபூர் நானா, ஹட்டன்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னைவிட இருநூறு மடங்கு சிங்களம் தெரிந்தவர். தலவாக்கலை தாண்டும்போது ரோட்டோரம் ஆளுயரத்துக்கு மேல் அகல இலையோடு பச்சையாக ஏதோ பாத்தி பாத்தியாக நின்றது.

"நானா, இங்கயெல்லாம் கரும்பு போடுறாங்களா?" என்று கேட்டேன்.

"கரும்பு இல்ல தம்பி. ஏதோ புல்லாம். ஆராய்ச்சிக்காரங்க வளக்கிறாங்க. நம்ம ஏத்தப் போறது இதுதானோ?"

"சேச்சே. நம்ம புல்லு கொத்மலையில. தொரை சொன்னாரு."

"அப்ப சரி" என்றார் அவர். அந்த இடத்தில் லாரியை நிறுத்தச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கொத்மலையில் அப்போது அணைக்கட்டு வேலை தொடங்கியிருந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீருக்குள் போகப் போகிறது என்று சனங்கள் வீடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். லாரியின் ஸ்பிரிங் ஏதோ சத்தம் போட, கபூர் நானா அடியில் படுத்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்க தம்பி, நான் வந்து கதைக்கிறேன்" என்று அடியிலிருந்து குரல் கொடுத்தார். நான் பொறுக்கவில்லை. தன் கூரையில் ஏறி ஓடு இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய், எனக்குத் தெரிந்த பதினைந்து சிங்களச் சொற்களையும் ஒரே மூச்சில் செலவழித்து, "கொத்மலைத் தணகொள" இருக்கிறதா என்று கேட்டேன். தணகொள என்றால் புல்.

அவர் இறங்கி வந்தார். எதற்கு என்று கேட்டார். மொட்டை மலை, மண் சரிகிறது, வேகமாகப் பரவுகிற புல் வேண்டும் என்று நான் கையையும் காலையும் வைத்து ஆடிக் காட்டினேன். அவர் என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். ஒரு சரிவு முழுவதும் கூரான இலையோடு, வெள்ளைப் பஞ்சுப் பூவோடு ஒரு புல். "இலுக்" என்றார். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, ஆங்கிலத்தில், "கொத்மலைப் புல், உள்ளூர்ப் பெயர் இலுக்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இலுக்கு என்னவென்று மலையில் இரண்டு கொழுந்து எடுத்த எவரும் சொல்வார்கள். தேயிலைக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. மண்ணுக்குள் வெள்ளையாக ஊசி மாதிரி வேர் ஓடும். துண்டு துண்டாக வெட்டினால் துண்டுக்கு ஒரு செடி முளைக்கும். ஒரு மலையில் புகுந்தால் அதைப் பிடுங்கவே தனி ஆள் போட வேண்டும். அந்தப் பெரியவரும் என்னை எச்சரிக்கத்தான் பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன். இதை நடக்கூடத் தேவையில்லை, போட்டால் தானாகப் போகும், போய்க்கொண்டே இருக்கும் என்றார். நான் மகிழ்ந்து போனேன். அவர், நிச்சயமாகத்தான் கேட்கிறாயா என்றார்.

"யெஸ் சார்" என்றேன். (சிங்களத்தில் கேட்டவருக்கு.)

எங்கள் ஊரே போகப் போகிறது, எடுத்துக்கொண்டு போ என்று அவரே மண்வெட்டி கொண்டுவந்து தோண்டியும் தந்தார். லாரியில் இடம் மிச்சம் பிடிக்க இலையையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு வேரை மட்டும் சாக்குகளில் கட்டினேன். கபூர் நானா அடியிலிருந்து வெளியே வந்தபோது அவர் கண்டது முப்பது சாக்கு வெள்ளை வேர். "இதுதானா?" என்றார். "இதேதான்" என்றேன். அவர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

மறுநாள் காலை, ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கிற பெரட்டில் ஆள் பிரித்து, பத்துப் பேரைக் குவாரிக்குக் கூட்டிப் போனேன். அந்தோணியம்மாவும் அதில் இருந்தார். நான் ஒரு பாறையில் ஏறி நின்று, மண் அரிப்பைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். பிறகு சாக்கை அவிழ்த்தார்கள். அந்தோணியம்மா ஒரு வேரை எடுத்து, ஒடித்து, முகர்ந்து பார்த்தார். நேராக என்னிடம் வந்தார்.

"ஐயா, இது இலுக்குங்க."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிற பெயர் இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

"ஆமா. அதோட பேரு அதுதான். பரவாயில்லையே, தெரிஞ்சு வச்சிருக்கியே" என்றேன்.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "இல்லீங்க ஐயா, இலுக்குங்க. இத நட்டா..."

"நட்டா வேகமா பரவும். அதுக்குத்தான் நடுறோம்."

"கீழ என் தோட்டம் இருக்குங்க ஐயா."

"உன் தோட்டத்துக்கும் சேத்துத்தாம்மா நடுறோம். இனிமே சேறு இறங்காது. தொரையோட ஓடர்."

துரையின் ஓடர் என்றதும் பேச்சு நின்றது. அவர் மற்றப் பெண்களைப் பார்த்தார், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். "ஐயா சொன்னா சரிங்க" என்று போய் வரிசையில் குனிந்தார். தன் தோட்டத்துக்கு மேலே இருந்த சரிவில் அந்தப் புல்லைத் தன் கையாலேயே நட்டார். இரண்டு வரிசை. என்னிடம் ஒருமையில் பேச்சு வாங்கிக்கொண்டு, என் தாய் வயதுக்காரி. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

மழை வந்தது. மூன்றாவது வாரம் சரிவு முழுவதும் பச்சை ஊசிகள் குத்திக்கொண்டு எழுந்தன. நான் தினமும் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். வட்டவளைக்கு அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன், ஒரு மலைக்கே உயிர் கொடுத்திருக்கிறேன் என்று.

துரை கொழும்பிலிருந்து திரும்பினார். ஜீப்பை நிறுத்தி இறங்கியவர் சரிவைப் பார்த்தபடி நின்றார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். நான் பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கொத்மலை, சார்."

"என்ன?"

"கொத்மலைப் புல், சார். நீங்க சொன்ன புல். நானே கொத்மலைக்குப் போய்க் கொண்டுவந்தேன், சார்."

அவர் தொப்பியைக் கழற்றினார். நான் முன்பு பிரசங்கம் செய்த அதே பாறையில் உட்கார்ந்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், "கொத்மலா, குவாத்தமாலா" என்று மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார். நானும், விளங்காமலேயே, மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தேன். அதன் பிறகுதான் அவர் விளக்கினார். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக "நோ சார்" என்று சொல்ல ஆசைப்பட்டேன், ஆனால் அதற்கு இடம் இருக்கவில்லை.

துரையின் ஓடர்படி அடுத்த நாளிலிருந்து நானே முள்ளு பிடித்தேன். முள்ளு என்றால் மண் கிளறுகிற இரும்புக் கருவி. பத்தாம் நம்பர் மலையில் மேஸ் போட்ட ஒருவன் முள்ளு குத்துவதைப் பார்க்க ஒன்பதாம் நம்பர் மலையிலிருந்து கொழுந்துக்காரப் பெண்கள் கூடையோடு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. தோண்டத் தோண்ட வேர் உடைந்தது, உடைந்த இடமெல்லாம் முளைத்தது. கபூர் நானா ரோட்டிலிருந்து ஹோன் அடித்து, "தம்பி, கொத்மலைக்கு வேற ஏதும் லோடு இருக்கா?" என்று கேட்பார். கடைசியில் துரையே, விட்டுவிடு, சரிவில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், தேயிலைக்குள் போகாமல் ஓரத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு கான் வெட்டு என்றார். கான் வெட்டினோம். மேலே இருந்த தேயிலை தப்பியது.

தேயிலைக்குத்தான் கான். கீழே யாரும் வெட்டவில்லை. நானும் நினைக்கவில்லை.

முதல் பெருமழையிலேயே சேற்றோடு சேர்ந்து நட்ட வேரில் பாதி கீழே இறங்கியிருந்தது. அந்தோணியம்மாவின் நாலு படியிலும் அது புகுந்தது. ஒரு நாள் அவர் கந்தோர் வாசலுக்கு வந்து ஒரு உருளைக்கிழங்கை மேசையில் வைத்தார். அதன் ஒரு பக்கத்தில் நுழைந்து மறு பக்கத்தில் வெளியே வந்திருந்தது ஒரு வெள்ளை வேர். நல்ல கிழங்கு, என் கை முட்டி அளவு. எனக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் நினைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் நான் முள்ளோடு அவர் தோட்டத்துக்குப் போனேன். பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைப்பு. நான் கிளறிய படியில்தான் புல் இரண்டு மடங்காக வந்தது. நாலாவது ஞாயிறு அவர் கோடிப்பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க சும்மா இருங்க. அதுவே பெரிய உதவிங்க" என்றார்.

சந்தியாகு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தோணியம்மா சிரிக்கவில்லை. அடுத்த போகத்துக்கு ஒரு படிதான் மிஞ்சியது. அதற்கடுத்த போகத்துக்கு அதுவும் இல்லை. லயத்துக்குள் அந்த வாக்குவாதம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. எண்பதுகள் தொடங்கிக் கொஞ்ச நாளில் சந்தியாகு கந்தோருக்கு வந்து, பேர் வெட்டச் சொன்னார். ஐந்து பேருக்கும். அந்தப் பதிவில் கோடு போட்டது நான்தான்.

பத்தாம் நம்பர் சரிவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. அது பிறகு சரியவே இல்லை. இலுக்கு மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. லயத்து வாசலுக்குச் சேறு வருவது நின்றது. மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள், வெட்டிய மலையை இவ்வளவு சீக்கிரம் பச்சையாக்கியது எப்படி என்று துரையிடம் கேட்டுப் பாராட்டிவிட்டுப் போனார்கள். துரை என் பக்கம் திரும்பவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனபோது கபூர் நானா மாப்பிள்ளைக்குப் பரிசு கொண்டுவந்ததோடு, பெண் வீட்டாருக்கு இந்தக் கதையையும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இது எங்கள் வீட்டுச் சொத்து. யாராவது சொன்னதை விளங்காமல் தலையாட்டினால், "கொத்மலைக்கு லாரி கெளம்பிருச்சு" என்பாள் என் மனைவி ரோஸ்லின். பிள்ளைகள் அதைச் சொல்லியே வளர்ந்தார்கள். மருமகன் வந்த முதல் கிறிஸ்மஸிலேயே கற்றுக்கொண்டார். கடையில் புதினாவுக்குப் பதிலாக வேறு கீரை வாங்கி வந்தால் கேட்கவே வேண்டாம். நான்தான் நடித்துக் காட்ட வேண்டும். தாளிக்கிற டெலிபோன், கூரை மேல் பெரியவர், தொப்பியைக் கழற்றும் துரை. துரை பாறையில் உட்கார்ந்து சிரிக்கும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், அந்த இடத்தோடு நான் நிறுத்திவிடுவேன். "அப்புறம் அந்தப் புல்ல என்னப்பா செஞ்சீங்க?" என்று மகள் ஒரு தடவை கேட்டாள். தோண்டி எடுத்துட்டோம் என்றேன். எல்லோரும் சாப்பிடப் போனோம்.

அந்தோணியம்மா குடும்பம் போன அன்று நான் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். இந்தியாவுக்குப் போகிற குடும்பங்கள் மேடை முழுவதும் நின்றன, போகிறவர்களும் அழுதார்கள், நிற்கிறவர்களும் அழுதார்கள். சந்தியாகு பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தோணியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கக்கா" என்றேன். அவரை அப்படி நான் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஐயா, அன்னைக்கு நா இன்னொருக்கா சொல்லியிருக்கணுங்க. எம் மேலதான் தப்பு. ஒரு தடவையோட விட்டுட்டேன்."

இல்லைக்கா, நீங்க சொன்னீங்க, மூணு தடவை சொன்னீங்க, நான்தான் கேக்கல. அவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. கோச்சி கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பத்து நிமிஷமும் நின்றேன், சொல்லவில்லை.